மாமரத்துக்குச் செய்த ஷட்டவுன் சர்வீஸ்

ராத்திரி முழுக்க சி ஷிப்ட் பார்க்கிறவனுக்குக் கனவு காலை பத்து மணிக்குத்தான் வரும். ஊரே வேலை பார்க்கிற நேரம் என்பதால் கனவுக்குள் ஊர்ச் சத்தமெல்லாம் கலந்துவிடும். கனவில் நான் ஒரு குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பேன். குளத்துக்கு நடுவிலிருந்து குக்கர் விசில் அடிக்கும். பழவேற்காட்டு மீன்காரம்மா கூடையோடு தண்ணீர்மேல் நடந்து வந்து, "வவ்வா கீது, எறா கீது" என்பார். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வராது. எறா என்ன விலை என்று தூக்கத்திலேயே கேட்டிருக்கிறேன். (பதிலும் வந்தது. வாங்கிக் குழம்பும் வைத்தார்கள்.)

இப்படிப் பாதித் தூக்கத்தில் வாழ்கிற ஒருவனிடம் எதையும் நம்பிக் கொடுக்கக் கூடாது. முக்கியமாக, மாமரத்தைக் கொடுக்கவே கூடாது. என் மாமனார் கொடுத்தார். மனிதர் நல்லவர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் பிட்டர். எங்கள் வேலைக்கு ஒரே சட்டம்தான். மிஷின் ஓடும்போது கை வைக்கக் கூடாது. நின்றுவிட்டால் சும்மா விடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஷட்டவுன் என்று மொத்த லைனையும் நிறுத்துவார்கள். அப்போது பிட்டர்தான் ராஜா. கியர்பாக்ஸைத் திறப்போம், பழைய ஆயிலை வடிப்போம், பேரிங்குக்கு கிரீஸ் ஏற்றுவோம். நின்றுகொண்டிருக்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். வீட்டில் மிக்ஸி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அதைக் கவிழ்த்து ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் எனக்கும் புவனாவுக்கும் நிச்சயம் ஆனது. பெரியபாளையத்துக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர்கள் ஊர். கல்யாணம் வைகாசியில். நடுவே இருக்கிற மாதங்களை எப்படித் தள்ளுவது என்பதுதான் என் கவலை. புவனா பெரியபாளையத்தில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். எனக்குப் பேச நேரம் கிடைக்கும்போது அவள் யாருக்காவது ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நேரம் கிடைக்கும்போது நான் குளத்தங்கரையில் இருப்பேன். நேரில் போகலாம் என்றால், நிச்சயம் ஆன மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் அடிக்கடி தலை காட்டினால் தெருவே பேசும். போவதற்கு ஒரு காரணம் வேண்டும். கௌரவமான காரணம்.

அது அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஒரு பெரிய பங்கனபள்ளி மாமரம்.

மரத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். என் மாமனார் ஏகாம்பரம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தம்பி தணிகாசலம் பக்கத்து வீடு. பாகம் பிரித்தபோது மரம் அண்ணனுக்கு வந்தது, அதன் ஒரு பெரிய கிளை மட்டும் தம்பி பக்கம் சாய்ந்திருந்தது. அதிலிருந்து உதிர்கிற இலையை யார் பெருக்குவது என்பதில் ஆரம்பித்த பேச்சு, நடுவில் ஒரு சுவர் எழும்புவதில் முடிந்தது. அதற்கப்புறம் அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்வதில்லை. தம்பி மகள் கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். ஊர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. மாமாவுக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் நிச்சயதார்த்தத்தில், கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற அந்தக் கண்டக்டர் குரலில் அறிவித்துவிட்டார்.

"எம் பொண்ணு கண்ணாலத்துல தாம்பூலப் பையில தேங்கா கெடையாது. குடும்பத்துக்கு ஒண்ணு, நம்ம ஊட்டு பங்கனபள்ளி. கடையில வாங்குனது இல்ல. நம்ம ஊட்டு மரத்துது."

எல்லோரும் தலையாட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினார்.

மார்கழியில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போனேன். ஆரணியாற்றுப் பாலத்தில் பனி இறங்கியிருந்தது. பைக்கின் முன்சக்கரமே எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற மாதிரி ஒரு பயணம். வீட்டுக்குப் பின்னால் மரம் அந்தப் பனிக்குள் கரும்பச்சையாக, அசையாமல் நின்றது. ஒரு துளிர் இல்லை, ஒரு பூ இல்லை.

"இன்னா மாமா, மரம் டல்லா இருக்குது?"

"ரெஸ்ட்ல கீது மாப்ள. மார்கழி பூரா இப்டித்தான் நிக்கும். தை பொறந்தா பூ வெச்சிடும்."

ரெஸ்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கை பரபரத்தது. "அப்போ இது ஷட்டவுன் மாமா" என்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. ஓடுகிற மிஷினுக்கு யாரும் சர்வீஸ் பண்ண மாட்டார்கள், நிற்கிறபோது பண்ணினால்தான் திரும்ப ஓடும்போது டபுள் புரொடக்‌ஷன் கொடுக்கும் என்று விளக்கினேன். மாமா வாயைப் பிளந்து கேட்டார். இத்தனை வருஷமாக மரம் மார்கழியில் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டு தானும் சும்மா நின்றுவிட்டோமே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

புவனா நாஷ்டா தட்டோடு வந்தாள். "தூங்கினு கீறத ஏன் எழுப்பணும்? நீங்க பகல்ல தூங்குறப்போ யாராவது எழுப்பி பிரியாணி குடுத்தா சாப்புடுவீங்களா?"

"சாப்பிடுவேன்" என்றேன். (உண்மையைத்தான் சொன்னேன்.)

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். உரத்தை அடிமரத்தில் கொட்டாமல், கிளையின் நிழல் விழுகிற வட்டத்தில் பள்ளம் வெட்டினேன். மட்கிய எரு, யூரியா, மேலே மண். அப்புறம் மோட்டார் போட்டு, பள்ளம் நிரம்பி வழிகிற அளவுக்குத் தண்ணீர். தம்பி வீட்டுப் பக்கம் மட்டும் சுவர் தடுத்துவிட்டது. சர்வீஸ் பாக்கி இருக்கிறதே என்று அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் மனதார வருத்தப்பட்டேன்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால்கூட மரம் என்னை மன்னித்திருக்கும். ஆனால் ஒரு தடவை உரம் வைத்தால் ஒரு தடவைதானே புவனாவைப் பார்க்கலாம்? அதனால் "செகண்ட் டோஸ்" என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். பிறகு "டாப் அப்" வந்தது. நான் மண்வெட்டியோடு நிற்பேன், அவள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பனி விலகி வெயில் மெல்ல இறங்கும். ஓஸிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே இருக்காது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலைகள் குறைவு. அத்தனையும் யூரியா வாசனையோடுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

பகல் தூக்கத்தில் இப்போது குளம் வருவதில்லை. எங்கள் கம்பெனி கன்வேயரில் மாம்பழம் மாம்பழமாக வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் புவனா எடுத்து, ஊசி குத்திப் பார்த்துவிட்டு, "நார்மல்" என்று சொல்லிக் கூடையில் போடுவாள்.

பொங்கலுக்கு மறுநாள் மாமா போன் செய்தார். "மாப்ள, ஒடனே வாங்க. மரம் செவந்துபோச்சு."

போய்ப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் காட்சி வரும். மரம் முழுக்க இளந்தளிர். செம்பு நிறத்தில், ஈரமாக, பட்டுத் துணி மாதிரி கிளைக்குக் கிளை தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் அதற்குள் புகுந்து வந்து மாமாவின் வழுக்கையையும் புவனாவின் முகத்தையும் சிவப்பாக்கியது. இதை நானா செய்தேன் என்று ஒரு தளிரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

(செய்தது நான்தான். என்ன செய்தேன் என்பது அப்போது தெரியாது.)

மாமா அதைப் படம் எடுத்து சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டார். "எங்க மாப்ள சர்வீஸ் பண்ண மரம்" என்று கீழே எழுதியிருந்தார். வருகிறவர் போகிறவரையெல்லாம் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினார். மாமியார் மட்டும், "பூவக் காணமே தம்பி" என்றார். முதலில் இலை வரும், பின்னாலேயே பூ வரும், பெரிய மரம் கொஞ்சம் லேட்டாகத்தான் ஸ்டார்ட் ஆகும் என்றேன். சந்தேகத்துக்கு இன்னொரு டாப் அப்பும் வைத்தேன்.

தை பாதியானது. ஊரில் இருந்த மாமரமெல்லாம் பூத்துத் தள்ளியது. தெருவுக்குள் நுழைந்தாலே அந்தப் புளிப்பும் இனிப்புமான வாசனை. எங்கள் மரத்தில் செம்பு நிறம் போய் இளம்பச்சை வந்தது, இளம்பச்சை போய்க் கரும்பச்சை வந்தது. இலை ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிது, அவ்வளவு ஆரோக்கியம். நிழல் எவ்வளவு அடர்த்தியாகிவிட்டதென்றால், கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரை காயாமல் மாமியார் அதைத் தெருப்பக்கம் கொண்டுபோய்க் காயப்போட்டார். பூ மட்டும் இல்லை. ஒரே ஒரு கிளையைத் தவிர.

சுவரைத் தாண்டித் தம்பி வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது அந்தக் கிளை. நுனியிலிருந்து அடிவரைக்கும் பூ. தேனீ மொய்க்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்டது. மாமா அதைப் பார்க்காத மாதிரி தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் புவனாவின் கிளினிக்குக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்த தோட்டக்கலை அதிகாரி ஒருவரை அவள் பேச்சுக் கொடுத்து வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். சின்ன வயசு அம்மா, ஸ்கூட்டியில் வந்தார். ரத்தம் எடுத்த கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மரத்தை ஒரு சுற்று சுற்றினார்.

"இலை சூப்பரா இருக்குது சார்" என்றார்.

"தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

"எப்போ உரம் வெச்சீங்க?"

"மார்கழியில மேடம். நல்லா ரெஸ்ட்ல இருந்துச்சு, அதனால ஷட்டவுன் சர்வீஸ் மாதிரி..."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். "அது சும்மா நிக்கல சார்" என்றார் மெதுவாக. "பூ விடறதா, இலை விடறதான்னு முடிவு பண்ற நேரம் அது. மண்ணு காஞ்சிருக்கணும், குளிர் படணும், புதுசா எதுவும் கெடைக்கக் கூடாது. அப்பதான் பூவுக்குப் போகும். நீங்க அந்த நேரத்துல தழைச்சத்தும் தண்ணியும் குடுத்தா, சரி, வளர்ற காலம் வந்துடுச்சுன்னு நெனச்சு அத்தனையும் இலைக்கு அனுப்பிடும். உரம் சரி, எடம் சரி, அளவுகூட ஆரம்பத்துல சரி. நேரம்தான் தப்பு."

"அப்போ எப்போதாம்மா வெக்கணும்?" என்று மாமா கேட்டார்.

"பழம் பறிச்சு முடிச்சதும்ங்க. காய்ச்சு ஓஞ்சு போய் நிக்கும். மழையும் வரும், வேரும் நல்லா இழுக்கும். அப்போ எடுக்கற சத்தைக் கிளையில சேத்து வெச்சுக்கும். தையில பூக்கறது அந்தச் சேமிப்புலதான்." என்னைப் பார்த்தார். "மரத்துக்கு ஷட்டவுன் ஆடியில சார். மார்கழியில அது டியூட்டியில இருக்குது."

ஓடுகிற மிஷினுக்குள் கை விட்டிருக்கிறேன். ஒரு பிட்டருக்கு இதைவிட அவமானம் கிடையாது.

"அந்தக் கிளை மட்டும் எப்டிம்மா?" என்று மாமியார் சுவரைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் தோண்டலையா?"

"சுவர் இருந்துச்சு மேடம்."

"அதான். அந்தப் பக்க வேர் தப்பிச்சிருக்குது."

மாமா போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். கண்டக்டர் குரலெல்லாம் போய், பக்கத்தில் இருக்கிறவனுக்கே கேட்காத குரலில், "ஊரு பூரா சொல்லிட்டனே மாப்ள" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோயம்பேட்டில் நல்ல பங்கனபள்ளியாகப் பார்த்துக் கூடை கூடையாக வாங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நம்ம ஊட்டுதுன்னு சொன்னேன். வாங்கி வெச்சா அது பொய்யாப் பூடும்." தம்பியிடம் கேட்கலாமே என்றேன். "அவங்கிட்ட பச்சத் தண்ணி கேக்க மாட்டேன்" என்றார்.

அவர் கேட்க மாட்டார், சரி. நான் கேட்கலாமே. சித்திரையில் காய்கள் நன்றாகத் திரண்டதும் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் தணிகாசலம் வீட்டு வாசலில் போய் நின்றேன். சின்ன மாமா கிளைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தகர டப்பாவைத் தட்டிக் கிளி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அந்த ஷட்டவுன் மாப்ளையா?"

மார்கழியிலிருந்து நடந்த ஒவ்வொன்றையும் மனிதர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார். செகண்ட் டோஸ், டாப் அப், துவைக்கிற கல்லில் நான் புவனாவிடம் பேசியது எல்லாம். (அதில் ஒரு பாட்டுகூட உண்டு. அந்த ராகத்தை அவர் முனகிக் காட்டினார்.)

நான் வந்த விஷயத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சுவரைக் கையால் தட்டினார். "இத்த எழுப்புனதுக்கு என்னை இன்னா பேச்சு பேசுனாங்க தெரியுமா? ஊரே காறித் துப்புச்சு. இன்னிக்கு இது இல்லன்னா, இந்தக் கிளையும் உங்க கையால பூட்டிருக்கும். சரிதானே?"

"சரிதான் மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"பழம் தர்றேன். ஆனா பையில போடக் கூடாது. எங்கையால நானே குடுப்பேன்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று சந்தோஷமாக பைக்கை எடுத்தேன். அவர் எதற்காக அப்படி ஒரு கண்டிஷன் போட்டார் என்று யோசிக்கவே இல்லை. மாமாவிடம் சொன்னேன். "அவன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்தன்று பெரியபாளையத்து மண்டபத்தைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். வாசலிலிருந்து மணமேடை வரைக்கும், சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவுகிற இடத்தில்கூட மாவிலைத் தோரணம். என்னுடைய விளைச்சல் அது. அந்தப் பச்சைக்கு நடுவில் மாலையோடு நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசல் பக்கம் அந்தக் குரல் கேட்டது. கண்டக்டர் குரல் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

"எங்க அண்ணன் ஊட்டு மரம். என் பக்கத்துல காய்ச்சது. மாப்ள கை படாதது. எடுத்துக்கோங்க."

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதே வாசகம். தாம்பூலப் பையை மாமா கொடுப்பார். பக்கத்தில் நின்று பழத்தைத் தம்பி கொடுப்பார். வாங்கினவர்கள் பழத்தைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி மேடையில் என்னைப் பார்ப்பார்கள். எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் பழத்தை என் பக்கம் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். புவனா தலையைக் குனிந்திருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். தோள் குலுங்கியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஆனால் நான் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் விறைப்பாக, தம்பி பக்கம் திரும்பாமல் நின்றார். "அண்ணன் ஊட்டு மரம்" என்று ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. யாரோ ஒருவர் இரண்டு பழம் கேட்டார். தம்பி எடுத்துக் கொடுக்கப் போனார்.

"டேய் தணிகா" என்றார் மாமா. "குடும்பத்துக்கு ஒண்ணுதான்."

"நீ பைய மட்டும் பாரு" என்றார் தம்பி.

சுவர் எழும்பியதிலிருந்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. மாமியார் மேளக்காரரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கை காட்டியதும், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததும் மேடையிலிருந்து தெரிந்தது. எனக்கும் கண் கலங்கியது. ஹோமப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

சுவர் இன்னும் இருக்கிறது. அண்ணன் தம்பி அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் இப்போது சண்டை போடுகிறார்கள். ஒவ்வொரு ஆடியிலும் மாமா போன் செய்து, "மாப்ள, ஷட்டவுன்" என்பார். போய் உரம் வைத்துவிட்டு வருவேன். சின்ன மாமா சுவருக்கு மேலே தலையை நீட்டி மேற்பார்வை பார்ப்பார். மார்கழியில் மட்டும் பின்பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. பின்வாசலில் மாமாவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கறிவேப்பிலை பறிக்கக்கூட விட மாட்டார்.

இப்போது கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், கொஞ்ச நேரத்தில் குளம் வருகிறது. கரையில் ஒரு மாமரம், செம்பு நிறத் தளிரோடு. வெளியே எங்கள் மகள் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்கிறது. "சத்தம் போடாத. அப்பா பூ வெக்கப் போறாரு" என்று புவனா அவளை அடக்குகிறாள். இந்த மாமரக் கதை இப்போது எங்கள் தெருவுக்கே தெரியும். மீன்காரம்மாகூட எங்கள் வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்.

"இன்னாம்மா, அண்ணன் பூ வெச்சாச்சா?"

"எங்க வெச்சாரு அக்கா. இத்தினி வருசமா எலதான் வுட்டுக்கினு கீறாரு."